துரைமார் வியாதி

எங்கள் வீட்டு ஆண்களுக்கு வந்திருப்பது வெள்ளைக்காரன் வியாதி என்று தெரிந்த அன்று வீட்டில் ஒருத்தரும் அழவில்லை. என் கொழுந்தன் ஜேம்ஸ் பளபளவென்று முகச்சவரம் செய்துகொண்டான். பூந்தமல்லி அத்தை கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். வியாதி வந்த வீட்டில் கோழிக் குழம்பா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. குழம்பு வியாதிக்காக வைத்ததில்லையே, வெள்ளைக்காரனுக்காக வைத்தது.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் எங்களைப் பைத்தியம் என்பீர்கள். சொன்ன பிறகும் அதைத்தான் சொல்வீர்கள், ஆனால் விவரம் தெரிந்து சொல்வீர்கள்.

என் பெயர் ஞானகுமாரி. என் வீட்டுக்காரர் அருள்தாஸ். அவருக்கு ஓர் அண்ணன், ஆரோக்கியசாமி. ஒரு தம்பி, ஜேம்ஸ். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. நான் கல்யாணமாகி வந்தபோது ஜேம்ஸ் அரை டிராயரோடு மூக்கொழுகிக்கொண்டு திரிந்தான். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனுக்குச் சோறு போட்டதும் நான்தான், முதுகில் போட்டதும் நான்தான். என் மகள் பேபி பிறப்பதற்கு முன்பே எனக்கு ஒரு பிள்ளை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் ஆரோக்கியசாமிக்குக் கோயிலே கதி. பூசைச் சாமான் வைக்கும் அறையின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். குடியைத் தொட்டவரில்லை, குடிப்பவர்களைத் திருத்த ஒரு சபை வைத்து நடத்தியவர். அப்படிப்பட்டவர் எண்பத்தாறாம் வருஷம் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுத்துச் செத்துப்போனார். கல்லீரல் சுருங்கிவிட்டது என்றது ஆஸ்பத்திரி. கல்லீரல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஊருக்கு மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிட்டது. குழியில் மண் போட்ட கையோடு சில பேர் கோயிலுக்குப் போய், பூசைக்கு வைத்திருந்த திராட்சை ரசப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஒன்றிலும் குறையவில்லை. "தண்ணி ஊத்தி ரொப்பி வெச்சிருப்பான்" என்றார் ஒரு புண்ணியவான். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்.

அடுத்த முறை என் வீட்டுக்காரருடையது. அவருக்கு வந்தது மாரில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாலீஷ் பட்டறையில் வேலை. பித்தளைக் குழாயையும் சைக்கிள் ஹேண்டில்பாரையும் சுற்றுகிற சக்கரத்தில் அழுத்திப் பிடித்து மினுக்கு ஏற்ற வேண்டும். சாமான் மினுமினு என்று வெளியே போகும், மனிதன் கரியாய் வீட்டுக்கு வருவான். நெஞ்சுக்குள் போகிற தூசு போதாதென்று பீடி வேறு. நாற்பது வயது முடிவதற்குள் ஏரிக்கரை மேட்டில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். டி.பி. என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். டி.பி. இல்லை என்றார்கள், அதற்குள் மாத்திரை முழுவதும் தின்று முடித்திருந்தார். அப்புறம் ஆஸ்துமா என்றார்கள். நுரையீரலுக்கு ஒரு ஆஸ்பத்திரி, கல்லீரலுக்கு ஒரு ஆஸ்பத்திரி. இரண்டும் பங்காளிகள் மாதிரி, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் வயிறும் தம்பி நெஞ்சும் ஒரே கதை என்று யாருக்குத் தோன்றப் போகிறது?

தொண்ணூறில் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. சின்ன வயசு, ஆராய்ச்சி செய்கிறவர். என் வீட்டுக்காரரின் ரத்தத்தைப் பிரித்துச் சோதனைத் தாளில் பார்த்தாராம், எல்லார் ரத்தத்திலும் விழ வேண்டிய ஒரு கோடு அதில் இல்லவே இல்லையாம். "குடும்பத்துல யாருக்காவது கல்லீரல் கெட்டிருக்கா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு மூத்தவரைப் பற்றிச் சொன்னேன். "ஆனா சத்தியமா அவரு குடிக்க மாட்டாரும்மா" என்றேன். "குடிக்க வேண்டாம்மா, இதுக்குக் குடியே வேண்டாம்" என்று அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நான்கு வருஷமாக ஊர் சொல்லாத ஒரு நல்ல வார்த்தையை அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

வியாதியின் பெயர் ஒரு முழம் நீளம். விஷயம் என்னவோ சின்னதுதான். "கல்லீரல் ஒரு புரதம் செய்யும்மா. அது ரத்தத்துல போய் நுரையீரலைக் காவல் காக்கும். இவங்க குடும்பத்துல அது பிறவியிலேயே கோணலா வருது. கல்லீரலை விட்டு வெளியே வர முடியாம உள்ளேயே தேங்கிடுது. தேங்கினா சில பேருக்குக் கல்லீரல் கெடும். வெளியே வராததால நுரையீரலுக்குக் காவல் இல்லை, புகையும் தூசும் சேர்ந்தா சீக்கிரமே அரிச்சிடும்" என்றார். நான் பல்பு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறவள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சரக்கு குடோனிலேயே தங்கிவிட்டால் குடோனும் நாசம், கடையும் காலி.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழு வியாதியாம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பாதி, அது பெரிதாக ஒன்றும் செய்யாதாம். என் மாமனாருக்கு மாமியார் சொந்த மாமன் மகள். சொத்து வெளியே போய்விடக் கூடாதென்று உள்ளுக்குள்ளேயே கட்டிவைத்தார்கள். சொத்து என்று ஒரு கோழிக்கூண்டுகூட இருந்ததில்லை. இது இருந்திருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

மருந்து உண்டா என்று கேட்டேன். அமெரிக்காவில் அந்தப் புரதத்தை வாரா வாரம் ஊசியில் ஏற்றுகிறார்களாம். விலை என்ன என்று கேட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு விலை தெரிந்துவிட்டது. பிறகு என் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். "இவருக்குப் போன நுரையீரல் திரும்பாதும்மா. இருக்கறதைத்தான் காப்பாத்தலாம். தம்பி ஒருத்தர் இருக்கார்னீங்களே, அவர் பீடி குடிப்பாரா?"

"அதே பட்டறை, அதே பீடி" என்றேன்.

"உடனே கூட்டிட்டு வாங்க. அவருக்கும் இது இருந்து, இப்பவே ரெண்டையும் விட்டுட்டா பேரன் பேத்தி பார்ப்பார். விடலைன்னா அவர் எப்படி ஆவார்னு நான் சொல்ல வேண்டாம். வெளியே உட்கார்ந்திருக்காரே, அவரைப் பாருங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜேம்ஸுக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. அவனிடம் கெஞ்சினேன், அழுதேன், துடைப்பத்தைக்கூடத் தூக்கினேன். "எனக்கு இன்னா அண்ணி, கல்லு மாரி கீறேன்" என்று என் மூஞ்சியிலேயே புகை விட்டான். அண்ணன்காரன் பேசிப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் இருமல் வந்துவிட்டது. பங்குச் சாமியாரை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் தம் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்து அவனுக்குப் புத்தி சொன்னார். அது எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில்தான் வெள்ளைக்காரன் வந்து சேர்ந்தான். கிளம்பும்போது டாக்டரம்மா யோசித்து யோசித்து ஒன்று கேட்டிருந்தார். "இது ஐரோப்பாக்காரங்ககிட்டதான் அதிகம், நம்மகிட்ட ரொம்ப அபூர்வம். உங்க முன்னோர்ல யாராவது…" என்று இழுத்தார். என் வீட்டுக்காரர் தம் பூனைக்கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "எங்க அப்பாவோட பாட்டி பூந்தமல்லில பட்டாளத்து தொர ஊட்ல வேலை செஞ்சிகினு இருந்துச்சும்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

பூந்தமல்லியில் இருக்கிற அன்னம்மாள் அத்தை என் மாமனாரின் தங்கை. அவளிடம் இதைச் சொன்னதும் ஆடித் தீர்த்துவிட்டாள். "எவ அவ எங்க பாட்டிய பத்திப் பேசறது? நாக்கு அழுவிப் பூடும்!" என்றாள். ஒரு டம்ளர் காபி உள்ளே போனதும் குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு ஞானம். அந்தத் தொர நல்ல ஒசரம், நல்ல மனசுக்காரருன்னு சொல்லுவாங்க." அன்று சாயங்காலம் வெறும் சோல்ஜராக இருந்தவர் அடுத்த ஞாயிறு பூசைக்குள் கேப்டன் ஆனார். தவக்காலம் முடிவதற்குள் கர்னல் ஆகிவிட்டார். உயிரோடு இருந்தபோது அந்த ஆளுக்கு இவ்வளவு வேகத்தில் பதவி உயர்வு கிடைத்திருக்காது.

பிறகு ரத்தம் கொடுக்க யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அத்தை, அவள் மகள் ஜெயகுமாரி, மகன் தேவராஜ், ஜேம்ஸ் என்று புளிசாதம் கட்டிக்கொண்டு கூட்டமாகப் போனோம். முடிவு வந்தது. ஜேம்ஸுக்கு முழுசாக இருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அத்தையும் வைத்துக்கொண்டாள், வேறு காரணத்துக்கு. அவளுக்கும் ஜெயகுமாரிக்கும் பாதிதான். "அதெப்படி அவனுக்கு முழுசு, எனக்குப் பாதி? நான் அந்த ஊட்ல பொறந்தவ இல்லியா? இன்னோரு வாட்டி ரத்தம் எடுக்கச் சொல்லு" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனாள். தேவராஜுக்கு ஒன்றுமே இல்லை. அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டான். அன்றைக்குத்தான் நான் சொன்ன அந்தச் சவரமும் கோழிக் குழம்பும்.

மறுநாள் ஜேம்ஸ் பீடிக்கட்டைத் தூக்கிப் போட்டான். நான் நம்பவில்லை. வாரம் போயிற்று, மாதம் போயிற்று, தொடவில்லை. பட்டறை வேலையையும் விட்டுவிட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாகப் போய் உட்கார்ந்தான். ஏன்டா என்று கேட்டால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்வான்: "என் ஒடம்பு வெள்ளக்காரன் ஒடம்பு அண்ணி. இந்தத் தூசியெல்லாம் அதுக்கு ஒத்துக்காது." பஸ்ஸில் யாராவது புகைத்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். பழைய பட்டறைக் கூட்டாளி வேம்புலி அவனைப் பார்த்தால் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பான். இவன் தலையசைத்து ஏற்றுக்கொள்வான். பெயர் ஏற்கெனவே ஜேம்ஸ், கேட்கவா வேண்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வளர்த்தவள் அழுதாள், கேட்கவில்லை. கூடப் பிறந்தவன் கண்ணெதிரே மூச்சுக்குத் தவித்தான், கேட்கவில்லை. செத்து மண்ணாகிப் போன எவனோ ஒரு பட்டாளத்தான் சொல்லாமலேயே சாதித்துவிட்டான். "தொரைக்குக் கஞ்சி ஆவுமா, இல்ல முட்டை தோசை ஊத்தட்டுமா?" என்று தினமும் அவனைக் குத்துவேன். அதே வாயோடு கோயிலுக்குப் போய் அந்தப் பட்டாளத்தானுக்கு ஒரு மெழுகுத்திரி ஏற்றிவைத்தேன். யாராக இருந்தால் என்ன, என் பிள்ளை பிழைத்தால் சரி.

ஒரு கூத்து பாக்கி இருந்தது. "பாலீஷ் பட்டறைக்காரனுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு ஏரில தள்ளலாம்" என்று முன்பு பேசிய அதே அத்தை, பழம் வெற்றிலையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "என் பொண்ணு பாதி, இவன் முழுசு. கட்டி வெச்சா தொர ரத்தம் வெளிய போவாது." டாக்டரம்மா எதைச் செய்யாதீர்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டாரோ அதைச் செய்வதற்கு முகூர்த்தம் வரை பார்த்திருந்தாள். ஜேம்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாணாம் அத்தே. உள்ளுக்குள்ள கட்னா பொறக்கற புள்ளைக்கு ஆவாது" என்றான். அத்தை தட்டோடு திரும்பிப் போனாள். இனி கட்டினால் துரைசானியைத்தான் கட்டுவேன் என்பான் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

தொண்ணூற்றிரண்டு கடைசியில் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். என் வீட்டுக்காரரால் அப்போது வாசல் வரைக்கும் வர முடியாது. நானும் ஜேம்ஸும் போனோம். டாக்டரம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "லண்டன் லேப்ல இருந்து பதில் வந்துடுச்சும்மா. உங்க குடும்பத்துல இருக்கறது ஐரோப்பாக்காரங்க வகையே இல்லை! இதுவரைக்கும் யாரும் பார்க்காத புது வகை, இங்கேயே உண்டானது. வெள்ளைக்காரங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் அன்னிக்கு அப்படிக் கேட்டதே தப்பு, மன்னிச்சுக்கங்க" என்றார்.

நான் கண்ணைக் காட்டினேன், தொண்டையைக் கனைத்தேன், மேசைக்கு அடியில் காலால்கூடத் தட்டினேன். படித்தவர், கவனிக்கவில்லை. "புது வகைக்கு ஊர்ப் பேரை வைக்கறது வழக்கம். அயனம்பாக்கம்னு எழுதப் போறோம். உலகம் பூரா புத்தகத்துல வரும்" என்று சிரித்தார். ஏரியால் கிடைக்காத பெருமை எங்கள் வீட்டு ஈரலால் ஊருக்குக் கிடைத்துவிட்டது.

"அப்ப தொர இல்லீங்களா?" என்று ஜேம்ஸ் கேட்டான்.

"இல்லைப்பா."

"சரிங்க" என்றான். எழுந்து வெளியே போனான்.

பூந்தமல்லி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் அவன் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். கர்னல் போய்விட்டார், இனி இவனை எதைச் சொல்லிப் பிடித்து நிறுத்துவது? பாவி மகளே, உன் ஆராய்ச்சியை உன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாதா, என் பிள்ளை தலையில்தான் கொட்ட வேண்டுமா என்று டாக்டரம்மாவை வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன். வேலப்பன்சாவடியில் இறங்கினோம். அவன் நேராகப் பெட்டிக்கடைக்குப் போனான். பீடி பற்றவைக்கும் கயிறு அங்கே புகைந்துகொண்டு தொங்கியது. வேம்புலி அங்கேதான் நின்றிருந்தான். "இன்னா தொர, இன்னிக்காச்சும் ஒரு இழுப்பு?" என்று ஒரு பீடியை நீட்டினான்.

"டேய் ஜேம்ஸ்! தொட்ட, கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிருவேன்!" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். சைக்கிளில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜேம்ஸ் என்னைப் பார்த்தான், வேம்புலியைப் பார்த்தான். "வாணாம் மச்சான். பீடியெல்லாம் எங்க கர்னல் தாத்தாவுக்கே ஆவாது" என்று சொல்லி, பேபிக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தான். வேம்புலி சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்தான்.

நூம்பல் வழியாக நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் என்னால் அடக்க முடியவில்லை. "இன்னும் எதுக்குடா அந்த வேஷம்? அதான் இல்லேன்னு சொல்ட்டாங்களே."

"எனக்கு எப்பவோ தெரியும் அண்ணி."

"இன்னா தெரியும்?"

"தொரையாவது மண்ணாவது. என் மூஞ்சிய நான் கண்ணாடில பாக்க மாட்டனா?" அவன் மிட்டாய்ப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "முழுசா கீதுன்னு அந்தம்மா சொன்னப்பவே எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு. அண்ணன் மூச்சு இஸ்துகினு கெடக்கறது செவுத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேக்குது. அப்பிடி ஆயிடுவனோன்னு பயம். பயந்துகினு பீடிய உட்டேன்னு பட்டறைல சொன்னா உடுவானுங்களா? பயந்தாங்கொள்ளின்னு பீடிய வாய்லியே சொருவுவானுங்க. தொரன்னு சொன்னா அவனுங்களே சிரிச்சிகினு தள்ளிக் குந்திக்கிறானுங்க. அதான் தொர ஆயிட்டேன்."

பேச்சில் என்னை ஜெயிக்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று பெயர். அப்படிப்பட்ட நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவன் என் பையை வாங்கிக்கொண்டான். "அண்ணன்கிட்ட இத்த சொல்லாத அண்ணி. கர்னல் கதைன்னா அதுக்கு உசுரு. வேற இன்னா கீது அதுக்கு" என்றான்.

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் சன்னலோரம் நாற்காலியில், முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். "இன்னாடா… சொன்னாங்க… லண்டன்ல?" என்றார்.

"தொரதாண்ணே. கன்ஃபார்ம் பண்ட்டாங்க."

"கர்னலா?"

"கர்னலேதாண்ணே."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன், ஜேம்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டான். இருமல் அடங்கியதும் தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பீடி நாற்றம் இல்லை. கையை விடாமலே சொன்னார்.

"நல்ல பொய்டா. உன் வயசுல… என்கிட்டயும்… எவனாச்சும்… சொல்லியிருக்கலாம்."

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரமானது. அதுவரைக்கும் ஜேம்ஸ் கையை அவர் பிடியிலேயே விட்டிருந்தான்.